மீன் பயப்படவில்லை என்று எழுதும் முன்

மீன்கள் எதிரியை வாசனையால் உணர்கின்றனவா என்று தொட்டியில் சோதிக்கும்போது, வேட்டை மீன் இருந்த நீரை ஊற்றியும் சிறுமீன்கள் கண்டுகொள்ளவில்லை என்றால், தவறு பெரும்பாலும் மீனிடம் இருக்காது.

இருவேறு வாசனைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1938-இல் விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ், மின்னோ என்னும் சிறு நன்னீர் மீன்களிடம் கண்டது, காயம்பட்ட தோலிலிருந்து கசியும் எச்சரிக்கைப் பொருளை. அதற்கு மீன்கள் பழக்கமில்லாமலே பதறும். வேட்டை மீனின் உடல் வாசனை அப்படியல்ல. பல இனங்கள் அதைக் கற்றுக்கொண்டாக வேண்டும். ஃபேட்ஹெட் என்ற மின்னோ இனத்துக்கு இரண்டும் ஒருமுறை சேர்ந்து வந்தாலே போதும், அடுத்த முறை வாசனை மட்டும் வந்தாலும் உறைந்து நிற்கும்.

வேட்டை மீனுக்குப் போட்ட தீனியையும் குறித்து வையுங்கள். மின்னோவை வேட்டையாடும் பைக் மீனையே பார்த்திராத மின்னோ, தன் எச்சரிக்கைப் பொருள் இல்லாத வாள்வால் மீனைத் தின்ற பைக்கின் நீரைப் பொருட்படுத்தாது. மின்னோவைத் தின்ற பைக்கின் நீர் என்றால் பதறும். தீனி கலப்படமானால் முடிவும் கலங்கிவிடும்.

ஊசிக்குழாயைக் கொண்டு மெல்லிய குழாய் வழியே வாசனையைத் தொட்டிக்குள் செலுத்தும்போது நடக்கும் தவறு அற்பமானது, ஆனால் சோதனையையே கெடுப்பது. 5 மில்லி வாசனைக் கரைசலைச் செலுத்தினால் பாதி குழாயிலேயே தங்கிவிடலாம். முதலில் தொட்டி நீரில் 60 மில்லி உறிஞ்சிக் கொட்டுங்கள். குழாயில் தேங்கிய பழைய நீர் போய்விடும். இன்னொரு 60 மில்லி எடுத்து வைத்துக்கொண்டு, கரைசலுக்குப் பின்னால் மெதுவாகத் தள்ளுங்கள். வாசனை எவ்வளவு நேரத்தில் தொட்டி முழுக்கப் பரவுகிறது என்பதை, மீனில்லாத தொட்டியில் சாயம் விட்டு முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

ஒப்பீட்டுக்கு வெறும் நீர் மட்டும் போதாது. எந்தப் புது வாசனைக்கும் மீன் திடுக்கிடலாம். வாள்வால் மீனின் தோல் சாறும் ஒரு தொட்டிக்கு வேண்டும்.

எச்சரிக்கைப் பொருள் உள்ள மின்னோ தோல் சாற்றை மேசையில் விட்டுவைத்தால் வீரியம் போய்விடும். சிறு பங்குகளாக −20 டிகிரி செல்சியஸில் உறையவைத்து, தேவைப்படும்போது மட்டும் உருக்குங்கள். அமிலத்தன்மையும் அதைச் செயலிழக்கச் செய்யும், ஆகவே தொட்டியின் பிஎச் 6-ஐ ஒட்டி இறங்கினால் முடிவை நம்பாதீர்கள்.

ஓட்டத்தை மட்டுமே எதிர்பார்ப்பதும் தவறு. அடியில் பதுங்குவது, நெருங்கிக் கூடுவது, தீனியைத் தொடாமல் விடுவது எல்லாமே பதில்தான். டாஃப்னியா என்னும் நுண்ணிய நீர்த்தெள்ளு இன்னும் ஏமாற்றும். மீன் பித்தத்திலிருந்து வரும் 5-ஆல்ஃபா சைப்ரினால் சல்பேட் என்ற வேதிப்பொருளை உணர்ந்து அது பகலில் ஆழத்துக்கு இறங்கும். பத்து சென்டிமீட்டர் பீக்கரில் இறங்க இடமேது? டாஃப்னியாவைத் தின்னும் கயோபோரஸ் என்ற பூச்சிப் புழுவின் வாசனைக்கு டாஃப்னியா குஞ்சுகளின் கழுத்தில் பற்கள் போன்ற முட்கள் முளைக்க வேண்டுமானால், தாயின் முட்டைப்பையில் கருவாக இருக்கும்போதே வாசனை எட்டியிருக்க வேண்டும். பிறந்தபின் ஊற்றிவிட்டு உருப்பெருக்கியில் தேடுவது வீண்.