உருது அங்கதம்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உருது நகைச்சுவை இலக்கியத்தைப் பற்றி எழுத வருவோரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கவிதையையோ கதையையோ எடுத்துக்கொண்டு, 'இது முகலாய ஆட்சியின் சீரழிவைக் காட்டுகிறது', 'இது அதிகார வர்க்கத்தைச் சாடுகிறது' என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறிவிட்டு அடுத்த ஆசிரியரிடம் போய்விடுவார்கள். சிரிப்பைத் தோலாகவும் சமூக விமர்சனத்தை உள்ளிருக்கும் சுளையாகவும் எண்ணுவதால் நேரும் தவறு இது. உரித்தால் சுளை கிடைக்கும் என்பது பலாப்பழத்துக்குப் பொருந்தும். மிர்சா ரஃபி சௌதாவின் குதிரைக்குப் பொருந்தாது.

சௌதா (1713–1781) எழுதிய 'தஸ்ஹீக்-எ-ரோஸ்கார்' என்ற கவிதையில் பட்டினி கிடக்கும் ஒரு குதிரை வருகிறது. இரவில் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துத் தானியம் என்று நினைத்து அது தவிக்கிறது. போர் மூண்டதும் அதன் உரிமையாளர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குதிரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகரத்தை நோக்கி ஓடுகிறார். குதிரை மனிதனைச் சுமக்க வேண்டிய இடத்தில் மனிதன் குதிரையைச் சுமக்கிறான். அந்த ஒரு காட்சியைக் கைவிட்டுவிட்டு 'முகலாயப் படையின் வீழ்ச்சி' என்று மட்டும் குறித்துக்கொள்பவர் கவிதையில் இருந்ததைவிடக் குறைவாகவே எடுத்துச் செல்கிறார். இது கசீதா வடிவில் எழுதப்பட்டது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். மன்னரையும் பிரபுக்களையும் புகழ்வதற்கென்றே பழக்கப்பட்ட அந்த வடிவத்தின் கம்பீரமான நடையில் எலும்பும் தோலுமான குதிரை ஒன்று ஊர்ந்து வருவதே முதல் அடி.

உருதுவில் அங்கதம் ஆங்கிலேயர் வருகைக்குப் பின் தோன்றியது என்ற எண்ணமும் இதே வேகத்தில் பிறப்பதுதான். லண்டனின் 'பஞ்ச்' நகைச்சுவை இதழை முன்மாதிரியாகக் கொண்டு 1877இல் லக்னோவில் முன்ஷி சஜ்ஜாத் உசேன் தொடங்கிய 'அவத் பஞ்ச்' பெரிய திருப்பம்தான், ஆனால் தொடக்கம் அன்று. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, முகலாயப் பேரரசர் ஃபரூக்சியர் அரியணை ஏறியபோது நாணயத்தில் பொறித்த புகழ்ச்சி ஈரடியைக் கவிஞர் ஜாஃபர் ஸட்டல்லி கேலியாகத் திருப்பி எழுதினார். பொன்னிலும் வெள்ளியிலும் முத்திரை பதித்த பேரரசன் என்று நாணயம் சொன்னதை, கோதுமையிலும் பயற்றிலும் பட்டாணியிலும் முத்திரை பதித்தவன் என்று மாற்றினார். அதற்காக 1713இல் அவர் கொல்லப்பட்டார் என்பது இலக்கிய வரலாறு வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

அதிகமாகத் தவறாக வாசிக்கப்படுபவர் கவிஞர் அக்பர் இலாஹாபாதி (1846–1921) என்பது என் கருத்து. மேற்கத்தியக் கல்வியையும் பர்தாவைக் கைவிடுவதையும் கேலி செய்ததால் ஒரு சாரார் அவரைப் பிற்போக்காளர் என்பர். ஆட்சியாளரைக் குத்தியதால் இன்னொரு சாரார் விடுதலைக் கவிஞர் என்பர். அவரோ ஆங்கிலேய அரசின் நீதித்துறையில் பணியாற்றி கான் பகதூர் பட்டம் பெற்றவர். தம் மகனை இங்கிலாந்துக்கே படிக்க அனுப்பியவர். முஸ்லிம்களிடையே மேற்கத்தியக் கல்வியைப் பரப்பியதற்காகத் தாம் வாழ்நாளெல்லாம் எள்ளிய சர் சையத் அகமது கானைப் பற்றி, 'நம்முடையதெல்லாம் வெறும் பேச்சு, சையத் வேலை செய்தார்' என்ற பொருளில் அவரே எழுதினார். அம்பு எய்பவரே இலக்குக்குள்ளும் நிற்கும்போது அவரை ஒரு கட்சியில் சேர்ப்பது வீண் வேலை.

பர்தா பற்றிய அவருடைய புகழ்பெற்ற நாலடியை எடுத்துக்கொள்வோம். முகத்திரையின்றி வந்த பெண்களைக் கண்டு, சமூக மானம் போயிற்றே என்று அக்பர் கூனிக் குறுகுகிறார். உங்கள் பர்தா என்னவாயிற்று என்று கேட்கிறார். 'அது ஆண்களின் அறிவின்மேல் போய் விழுந்துவிட்டது' என்று பதில் வருகிறது. உருதுவில் அறிவின்மேல் திரை விழுதல் என்றால் புத்தி மழுங்குதல். புலம்பத் தொடங்கியவர் கவிஞர்தான், ஆயினும் கடைசிச் சொல் பெண்களிடம் இருக்கிறது. மரபுக்காரரின் புலம்பலாகவோ பெண்ணுரிமைக் குரலாகவோ மட்டும் இதை மேற்கோள் காட்டுவோர் பாதிக் கவிதையைத்தான் காட்டுகிறார்கள்.

மொழிபெயர்ப்பவர்களும் அக்பரிடம் சறுக்குகிறார்கள். 'கௌம் கே கம் மே டின்னர் காத்தே ஹைன் ஹுக்காம் கே சாத், ரஞ்ச் லீடர் கோ பஹுத் ஹை மகர் ஆராம் கே சாத்' என்ற ஈரடியில் 'டின்னர்', 'லீடர்' என்ற சொற்களை விருந்து என்றும் தலைவர் என்றும் தூய்மைப்படுத்தினால் கேலி செத்துவிடும். சமூகத்துக்காகத் துயரப்படும் மனிதரின் வாயில் எஜமானரின் சோறும் எஜமானரின் சொல்லும் ஒருங்கே இருப்பதுதான் அங்கே நகை. 'சமூகத் துயரில் டின்னர் உண்கிறார் அதிகாரிகளோடு. லீடருக்கு வேதனை மிகுதிதான், ஆனால் சொகுசோடு' என்றால் தமிழிலும் ஓரளவு தப்பிப் பிழைக்கும். நல்ல வேளையாக 'கே சாத்' என்பதற்கு நம் 'ஓடு' உருபு கைகொடுக்கிறது.

அங்கதம் என்றாலே சிரிப்பு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு சிறுகதை ஆசிரியர் சாதத் ஹசன் மண்டோவிடம் போகக் கூடாது. பிரிவினைக் கலவரத்தைப் பற்றிய 'சியாஹ் ஹாஷியே' (1948) தொகுப்பில் உள்ள ஒரு துணுக்கில், சோதனைக்கு அஞ்சி, கொள்ளையடித்த சர்க்கரை மூட்டைகளை ஒருவன் கிணற்றில் போடுகிறான். இரண்டாம் மூட்டையோடு தானும் விழுந்து, மேலே தூக்கப்பட்ட சில மணி நேரத்தில் இறக்கிறான். மறுநாள் கிணற்று நீர் இனிக்கிறது. அன்றிரவு அவன் கல்லறையில் விளக்குகள் எரிகின்றன. அவ்வளவுதான் கதை, ஆசிரியர் கண்டிக்கவும் இல்லை, கண்ணீர் விடவும் இல்லை. இத்தகைய எழுத்தை ஈரமற்றது என்று அக்காலத்து முற்போக்கு விமர்சகர்கள் சிலர் குறைகூறினர். எழுதியவர் வாய் திறக்காததை அவர் எதையும் உணராததாக எடுத்துக்கொண்டதுதான் அவர்கள் செய்த பிழை.

உருது என்றால் முஸ்லிம்களின் இலக்கியம் என்று எண்ணுவோருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 'ஃபசானா-எ-ஆசாத்' நாவலை எழுதிய ரத்தன்நாத் சர்ஷார் காஷ்மீரி பண்டிதர் என்பதும், கன்ஹையாலால் கபூர், ஃபிக்ர் தௌன்ஸ்வி, கிருஷன் சந்தர் ஆகியோர் இத்துறையின் முன்னவர்கள் என்பதும் போதும்.

கிருஷன் சந்தரின் 'ஜாமுன் கா பேட்' கதையில் தலைமைச் செயலக வளாகத்தில் ஒரு நாவல் மரம் விழுந்து, அடியில் ஒருவர் சிக்கிக்கொள்கிறார். கூடிய எழுத்தர்கள் முதலில் வருந்துவது மரத்துக்காக: பழம் எவ்வளவு ருசியாக இருந்தது! கோப்பு துறை துறையாக நகர்கிறது. அகப்பட்டவர் கவிஞர் என்று தெரிந்ததும் கலாச்சாரத் துறைக்கும் போகிறது. இலக்கிய அகாதெமி அவரை உறுப்பினராக்கி வாழ்த்துகிறதே தவிர மரத்தை அகற்றுவதில்லை. அயல்நாட்டுப் பிரதமர் நட்ட மரம் என்பதால் வெளியுறவுத் துறையும் தடுக்கிறது. வெட்டுவதற்கு ஒப்புதல் வரும்போது அவர் கை சில்லிட்டிருக்கிறது. 1977இல் மறைந்த ஒருவரின் இந்தக் கதை 2019இல் பத்தாம் வகுப்பு ஐசிஎஸ்இ இந்திப் பாடத்திலிருந்து நீக்கப்பட்டது. கதையில் எந்த ஆட்சியாளரின் பெயரும் இல்லை. இதை இன்றைய ஒரு முகத்துக்கு மட்டும் பொருத்தி வாசிப்பவர், அந்த எழுத்தர்களின் வரிசையில் தாமும் நின்றிருக்கக்கூடும் என்பதிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்.

இன்னொரு தவறு நமக்கு மிக அருகில் நடப்பது. ஹைதராபாத், குல்பர்கா வட்டாரத்தில் தக்னி எனப்படும் தக்காண உருதுவில் எழுதப்பட்ட நகைச்சுவைக் கவிதைகளை 'கொச்சை உருது' என்று எண்ணி, அந்த உச்சரிப்புக்காக மட்டும் சிரிப்பவர்கள் உண்டு. கவிஞர் சுலைமான் கதீப் தக்னியில் எழுதியது மாமியார் மருமகள் சண்டையையும் கல்யாணப் பேரத்தையும். அவை அந்த வீடுகளில் நடந்த மொழியிலேயே எழுதப்பட்டன. வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ தக்னி கேட்டு வளர்ந்த ஒருவரிடம் அவற்றைப் படித்துக் காட்டினால், அவர் சிரிக்கும் இடம் நாம் சிரித்த இடமாக இருக்காது.