விலைவாசிச் சண்டை சாப்பாட்டு மேசைக்கு வந்தால்

2023 தீபாவளியன்று சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் நான்கறை வீட்டில் இலையை எடுப்பதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. ஜனவரியில் ஜிஎஸ்டி, அதாவது பொருள் சேவை வரி, 9 விழுக்காடாகப் போகிறது என்று என் மகள் சொன்னாள். சமூக ஊழியராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது அவளுக்கு. “1994-ல 3 விழுக்காடுல ஆரம்பிச்சது மாமா. இல்லாதவங்க எங்க போவாங்க?” துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற என் அண்ணன் விடவில்லை. “நாங்க கம்பத்து கிராமத்துல மண்ணெண்ணெய் அடுப்போட வளந்தவங்க. யாருகிட்டயும் கை நீட்டினதில்ல.” ஒரு மணி நேரம் இப்படியே போனது.

அந்த ஒரு மணி நேரமும் என் தம்பி மனைவி அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பி உணவு டெலிவரி ஓட்டுபவன். முதுகுத்தண்டில் கோளாறு வந்து ஆகஸ்டிலிருந்து படுத்துக் கிடந்தான். இரண்டு மாதக் கரண்ட் பில் பாக்கி. அந்தக் கடிதம் அவள் கைப்பையில் நாலாக மடித்து இருந்திருக்கிறது. எனக்கு டிசம்பரில்தான் தெரியும். இல்லாதவர்களைப் பற்றி அத்தனை பேசினோம், இல்லாமல் இருந்தவள் ஐந்தடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “கை நீட்டுறது” என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு அவள் எப்படி வாயைத் திறப்பாள்?

அதற்கப்புறம் நான் கடைப்பிடிக்கிற முறையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். வராமல் தடுக்கத் தேவையில்லை. வரட்டும், ஆனால் ஒழுங்காக வரட்டும்.

முதலில் தாளை எடுங்கள். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், அதனால் எனக்கு வந்த யோசனை இது. ஆளுக்கொரு தாள், போன மாதச் செலவு, பெரியது மேலே, சின்னது கீழே. வருமானம் எழுத வேண்டாம், அதைக் கேட்டால் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். அண்ணன் தாளில் முதல் வரி மருந்து, இரண்டாவது காப்பிக்கடை. வீட்டுக் கடனே இல்லை, 2009-லேயே அடைத்துவிட்டார். தம்பி தாளில் முதல் வரியே வீட்டுக் கடன், அதுவும் ரொக்கமாக. சம்பளக்காரர்களுக்கு, அவர்களும் முதலாளியும் மாதாமாதம் சந்தா கட்டுகிற மத்திய சேம நிதியிலிருந்து தவணை கழியும், கைக்காசு போவது தெரியாது. டெலிவரி ஓட்டுபவர்களுக்கு நிறுவனம் தன் பங்குச் சந்தாவைக் கட்ட வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரி 1-ல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்னால் படுத்த தம்பிக்கு நிதியில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அண்ணன் அந்த வரியை இரண்டு முறை படித்தார். ஒரே ஊர், ஒரே விலை, இரண்டு வீட்டில் அது இரண்டு விதமாக இறங்குகிறது என்பதை ஒரு வருஷம் வாதாடியும் நான் அவருக்குப் புரியவைத்திருக்க முடியாது.

அடுத்தது, எந்தக் கேள்விக்குச் சண்டை போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். விலை ஏறியதா, யாரால் ஏறியது, யார் தாங்க வேண்டும் என்று கேள்வி மூன்று இருக்கிறது. ஒருவர் முதல் கேள்வியில் நிற்பார், இன்னொருவர் மூன்றாவதற்குப் பதில் சொல்வார். அங்கேதான் குரல் ஏறும்.

முதல் கேள்விக்குக் கணக்கே போதும். “பணவீக்கம்தான் கொறஞ்சிருச்சே” என்பார் அண்ணன். உண்மைதான், 2022-ல் 6.1 விழுக்காடு, 2023-ல் 4.8, 2024-ல் 2.4. ஆனால் குறைந்தது ஏறுகிற வேகம், ஏறிய விலை இறங்கவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால் 2021-ல் 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) வாங்கியது 2024-ல் ஏறக்குறைய 114 வெள்ளி. இது சராசரி, கார் விலையும் வீட்டு வாடகையும் இதில் சேரும். அவற்றை நீக்கிப் பார்ப்பதுதான் செய்தியில் வருகிற மூலாதாரப் பணவீக்கம். கார் இல்லாத எங்கள் வீட்டுக்கு அந்த எண்தான் பொருத்தம்.

இரண்டாவது கேள்வியில் என் மகள் கொஞ்சம் இறங்கி வர வேண்டியிருந்தது. எல்லாமே ஜிஎஸ்டியால் என்றாள். 7 விழுக்காடு வரியோடு 107 வெள்ளிக்கு விற்றது 9 விழுக்காட்டில் 109. அதாவது வரி நேரடியாகச் சேர்த்தது நூற்றுக்கு இரண்டு வெள்ளிகூட இல்லை. நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. உக்ரேன் போரில் எண்ணெயும் தானியமும் ஏறின. 2022 ஜூன் 1-ல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும் தேக்கா சந்தையில் கோழிக்கு அலைந்தது நினைவிருக்கும். இதற்கு மத்திய வங்கியான நாணய ஆணையம் செய்வது, வெள்ளியின் மாற்று மதிப்பை உயரவிட்டு இறக்குமதி விலையை அடக்குவது. அண்ணனுக்கு இது பிடித்திருந்தது. ஆனால் மகள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. வருகிற காசு முழுவதையும் செலவழித்தே தீர வேண்டிய வீட்டுக்கு அந்த இரண்டு வெள்ளி, சேமிக்க முடிகிற வீட்டைவிடக் கனமானது. அதை ஈடுகட்டத்தானே ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு, உத்தரவாதத் தொகுப்பு என்று உதவித் திட்டங்கள் இருக்கின்றன என்பது அரசாங்கத்தின் பதில். மூப்படையும் மக்கள்தொகைக்கும் மருத்துவச் செலவுக்கும் இந்த வரி தேவை என்கிறது ஆளும் மக்கள் செயல் கட்சி. வேறு வழிகளில் வருமானம் தேடலாம் என்று நாடாளுமன்றத்தில் எதிர்த்தது எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி.

மூன்றாவது கேள்விக்குக் கணக்கில் விடை கிடையாது, இங்கேதான் அரசியல் இருக்கிறது. இதற்கு நான் இருவரையும் இடம் மாறிப் பேசச் சொல்வேன். மகள் அரசாங்கத்தின் பக்கம். சிங்கப்பூரில் அதிகாரபூர்வ வறுமைக்கோடு கிடையாது. 2013-ல் அது பெரிய விவாதமானபோது அமைச்சர் சான் சுன் சிங் குவே லாப்பிஸ் என்ற அடுக்குப் பலகாரத்தைச் சொன்னார், உதவி அடுக்கடுக்காக இருக்க வேண்டும் என்று. ஒரே கோடு போட்டால் அதற்கு ஒரு வெள்ளி மேலே இருப்பவர் விடுபட்டுப் போவார். தன் வேலையில் அப்படி விடுபட்ட குடும்பங்களை அவளே பார்த்திருப்பதால் அவளால் நன்றாகவே பேச முடிந்தது.

அண்ணன் மறுபக்கம். 65 வயதாகியோ அதைத் தாண்டியோ தனியாக வாழ்பவருக்கு அடிப்படைத் தேவைக்கு மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று 2019-ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2023-ல் பெற்றோரும் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவரும் உள்ள குடும்பத்துக்கு 6,693 வெள்ளி என்றார்கள். இது தேவையைவிட விருப்பத்தையே காட்டுகிறது என்று அமைச்சுகள் பதில் சொல்லின. அண்ணன் முதலில் அந்த 1,379-ஐ அடிக்க வந்தார். தன் தாளைக் கூட்டிப் பார்த்தார். பேசாமல் இருந்தார்.

என்னைக் கேட்டால் எனக்கு ஒரு கோடு வேண்டும். எண் இல்லாமல் யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று எப்படிச் சரிபார்ப்பது? 2024 ஜனவரியில் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு கடைகளில் செலவழிக்க அரசாங்கம் தருகிற சிடிசி பற்றுச்சீட்டு 500 வெள்ளிக்கு வந்தது. தரைவீடு வைத்திருக்கும் வசதியானவருக்கும் அதே 500, என் தம்பிக்கும் அதே 500. எல்லாருக்கும் கொடுத்தால் வாங்குகிறவருக்கு வெட்கம் இருக்காது, அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாதக் கடன் தவணைக்கே அவனுக்கு அது பற்றாது.

கடைசியாக ஒன்று. யார் பொறுப்பு என்று முடிவாகும்வரை உதவியை நிறுத்தி வைக்காதீர்கள். உங்கள் வட்டாரச் சமூகச் சேவை அலுவலகத்தில் கம்கேர் என்ற அரசாங்க நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பாக்கிக் கடிதங்கள், மருத்துவர் கொடுத்த சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். தனியாக அனுப்பாமல் கூடப் போங்கள். நான் அரை நாள் லீவு போட்டுத் தம்பி மனைவியோடு போனேன். பேருந்தில் அந்த உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். “அண்ணி, பெரியவருக்குச் சொல்லிடாதீங்க” என்றாள். நான் சொல்லவில்லை. “கை நீட்டுறது” என்ற பேச்சு மட்டும் இந்த மேசையில் வரக்கூடாது என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

போன மாதம் நாங்கள் தாள் எடுத்தபோது அவளாகவே வந்து உட்கார்ந்து எழுதி, அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார்.

“பள்ளிக்கூட பஸ்ஸுக்கு இவ்வளவா கேக்குறாங்க?” என்றார்.