முதலில் ஆற வையுங்கள், பிறகு வடிகட்டுங்கள்

காற்றுக் கம்பிரஸர் வாங்கியதும் பலர் டேங்கை ஒட்டியே ஒரு நீர் வடிகட்டியை மாட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த இடத்தில் காற்று இன்னும் சூடாக இருக்கும். தண்ணீர் ஆவியாகவே வடிகட்டியைத் தாண்டிப் போய், ஹோஸில் ஆறி, ஸ்பிரே கன் வழியாகப் பெயின்ட் மேல் துளியாக விழும்.

கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதை 8 பார் அழுத்தத்துக்கு நெருக்கி, பழைய வெப்பத்துக்கே ஆறவிட்டால், ஆவியாக நிற்கக்கூடியது 4 கிராமுக்கும் குறைவு. மீதி 20 கிராம் எங்காவது தண்ணீராகியே தீரும்.

அது குழாயிலேயே ஆகட்டும் என்று என் சுவரில் செம்புக் குழாயை மேலும் கீழுமாக மடக்கி ஓட்டியிருக்கிறேன். 10 மீட்டராவது இருந்தால் நல்லது. ஒவ்வொரு கீழ் வளைவிலும் ஒரு T வடிவ இணைப்பு, அதன் அடியில் சாண் நீளக் குழாய், நுனியில் திறந்து மூடும் வால்வு (ball valve): தண்ணீர் அங்கே தங்கும். கிடைக் குழாயிலிருந்து கிளை எடுத்தால் மேல்பக்கமாக எடுங்கள். அடிப்பக்கமாக எடுத்தால் ஓடிவரும் தண்ணீரும் கூடவே வரும். கம்பிரஸரையும் குழாயையும் ஹோஸால் இணையுங்கள், இல்லையேல் அதிர்வில் மூட்டு விட்டுப்போகும். மலிவு என்று பி.வி.சி. பக்கம் போகவே வேண்டாம். அது வெடித்தால் கத்தித் துண்டுகளாகப் பறக்கும்.

குழாய் முதலில் கீழிறங்கும் பகுதியைத் தொட்டால் சுடும். கடைசி இறக்கம் அறையின் வெப்பத்திலேயே இருக்க வேண்டும். அங்கும் வெதுவெதுப்பாக இருந்தால் குழாய் நீளம் போதவில்லை. வடிகட்டிக்கு உரிய இடம் அதற்கு அப்புறம்தான். அடுத்தது அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டர்.

டயருக்கும் ஆணி அடிக்கும் கருவிக்கும் இவ்வளவு போதும். பெயின்ட் அடிப்பவர்கள் மட்டும் கடைசியாக ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைச் சேர்க்கலாம். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் 120 டிகிரி அளவில் ஓவனில் சில மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். எண்ணெய் படிந்த மணிகள் மட்டும் தேறாது.

டேங்கின் அடி வால்வை வேலை முடிந்ததும் தினமும் திறந்துவிடுங்கள். எண்ணெய் போடும் கம்பிரஸரானால் தண்ணீர் பால் நிறத்தில் வரும். அதைச் சாக்கடையில் விடாமல் டப்பாவில் பிடியுங்கள். வடிகட்டியின் பாலிகார்பனேட் கிண்ணத்தைத் தின்னரால் துடைக்காதீர்கள், விரிசல் விட்டு அழுத்தத்தில் உடையும். சோப்புத் தண்ணீர் போதும்.