பழைய ஆய்வகக் கருவிக்கு மலிவு உதிரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செகண்ட் ஹேண்டில் ஆய்வகக் கருவி வாங்கி, கிடைக்கிற உதிரியைப் போட்டு ஓட வைப்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஒரிஜினல் பாகம் தயாரிப்பிலேயே இல்லாதபோது வேறு வழியும் இல்லை. ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறப்பது, சரியான ஃபியூஸ் போடுவது எல்லாம் தெரிந்த விஷயம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

யோசிக்காமல் பேட்டரியைக் கழற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. 1980, 90களில் வந்த ஆசிலோஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர் பலவற்றில் கேலிபிரேஷன் எண்கள் (அளவைச் சரியாகக் காட்டுவதற்கான திருத்த எண்கள்) ராம் என்ற நினைவகச் சிப்பில்தான் இருக்கும். கருவி அணைந்திருக்கும்போது அந்த ராமைக் காப்பாற்றுவது போர்டில் சால்டர் செய்த ஒரு சின்ன லித்தியம் செல். அதைக் கழற்றிய நொடியில் எண்கள் போய்விடும். அப்புறமும் கருவி ஆன் ஆகும், திரையில் கோடு வரும், ஆனால் காட்டுகிற அளவு எதையும் நம்ப முடியாது. மறுபடி கேலிபிரேட் செய்ய ஆகும் செலவு, பல நேரம் கருவி வாங்கிய விலையைத் தாண்டிவிடும்.

ஒருவர் கொண்டுவந்த ஆசிலோஸ்கோப்பில் முன்பு எந்தக் கோளாறும் இருந்ததில்லை. செல் பழையதாகிவிட்டதே, கசிந்துவிடுமே என்று முன்ஜாக்கிரதையாக மாற்றியிருக்கிறார். சால்டரிங்கில் ஒரு குறை சொல்ல முடியாது. பழையதை எடுத்துப் புதியதை வைத்த அந்த இடைவெளியில் எல்லாம் அழிந்துவிட்டது. நல்ல கருவி, அக்கறையான மனிதர், இப்படி ஆகியிருக்கவே வேண்டாம்.

முதலில் செல்லைக் கழற்றாமலே வோல்டேஜ் பாருங்கள். மூன்று வோல்ட் செல் மூன்றுக்குப் பக்கத்தில் காட்டினால் எண்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், அவசரப்பட வேண்டாம். ஜிபிஐபி (கருவியைக் கணினியோடு இணைக்கும் போர்ட்) வழியாகவோ சர்வீஸ் மெனு வழியாகவோ எண்களை எடுத்துச் சேமிக்க முடிகிறதா என்று மேனுவலில் தேடுங்கள். முடியாத மாடல் என்றால், அதே வோல்டேஜில் இன்னொரு செல்லை ஒரு டயோடு வழியாக இணையாகக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே பழையதை எடுங்கள். சால்டரிங் அயர்னின் முனை எர்த்தில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சூடானதும் அயர்னின் பிளக்கை எடுத்துவிட்டுத் தொடுவது நல்லது. கருவியை ஆனில் வைத்தே மாற்றலாம் என்பவர்கள் உண்டு. மின்சாரம் ஓடும் திறந்த பெட்டிக்குள் கை விடச் சொல்ல எனக்கு மனம் வராது.

டிஎஸ்1225 போல பேட்டரியை உள்ளேயே அடைத்த ராம் சிப் என்றால் இன்னும் கவனம். மலிவாக வரும் ‘புதிய’ சிப்களில் பல, பழைய போர்டிலிருந்து எடுத்து மேலே புதுத் தேதி அச்சிட்டவை. உள்ளே பாதி தீர்ந்த பேட்டரிதான் இருக்கும். எது வாங்கினாலும், பழைய சிப்பைப் புரோகிராமரில் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) படித்துக் கோப்பாக வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை.

சார்ஜ் ஆகும் செல் இருந்த இடத்தில் சார்ஜ் ஆகாத காயின் செல்

கூடாது. சார்ஜ் ஏறினால் வெடிக்கலாம்.

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் விளக்கு

திரவம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் இந்தக் கருவியின் விளக்கில் 12 வோல்ட், 20 வாட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. எந்த ஹாலோஜனும் எரியும். இழை நிற்கும் இடம் கொஞ்சம் விலகினாலும் பிளவுக்குள் போகும் ஒளி குறைந்து, நீலப் பக்கத்து அளவுகள் முதலில் ஆட ஆரம்பிக்கும். விளக்கின் ஹோல்டரை நகர்த்தி, ஒளி அதிகபட்சம் வரும் இடத்தில் இறுக்குங்கள். கண்ணாடியில் விரல் படக்கூடாது.

மெயின்ஸ் ஃபில்டர் கெபாசிட்டர்

இதற்கென்று பாதுகாப்பு வகை கெபாசிட்டர்கள் உண்டு: லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எக்ஸ்2, எர்த்துக்குப் போவது ஒய்2. வோல்டேஜ் பொருந்துகிறது என்று சாதாரண கெபாசிட்டர் போடாதீர்கள்.

ஓ-ரிங்

கசிவைத் தடுக்கும் இந்த ரப்பர் வளையங்களில், விலை அதிகம் என்பதால் வைட்டான் ரப்பர் எல்லாவற்றையும் தாங்கும் என்று நினைக்கிறார்கள். அசிட்டோனில் அது உப்பிவிடும், நைட்ரைல் ரப்பரும் அப்படித்தான். அங்கே ஈபிடிஎம் ரப்பர் போடுங்கள். ஆனால் அதே ஈபிடிஎம் வாக்குவம் பம்ப் எண்ணெயில் கெட்டுவிடும். எந்தத் திரவம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சென்ட்ரிஃபியூஜ் ரோட்டார்

குழாய்களைத் தாங்கிச் சுழலும் இந்தப் பாகத்துக்கு மலிவு மாற்று கிடையாது. அரிப்போ கீறலோ தெரிந்தால் ரோட்டாரைத் தூக்கிப் போடுங்கள்.