கேஹூனும் கோதுமையும் ஒண்ணுதான், வேர் பிடிக்கறது எப்படி?

ஆட்டா மூட்டைல ஹிந்தில 'கேஹூன்'னு போட்டிருக்கும் பாருங்க, அதையும் நம்ம கோதுமையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா ரெண்டும் ஒரே வார்த்தை. அதை எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்றேன்.

முதல்ல அக்கம்பக்கத்து மொழிகள்ல என்ன சொல்றாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. மராத்தில கஹூ, தெலுங்குல கோதுமலு, கன்னடத்துல கோதி, சமஸ்கிருதத்துல கோதூம. மொழியியல் அறிஞர் டர்னரோட இந்தோ-ஆரிய (அதாவது சமஸ்கிருதம், ஹிந்தி, மராத்தி குடும்ப மொழிகளோட) ஒப்பீட்டு அகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்துல இலவசமாவே இருக்கு, அதுல தேடினா இன்னும் நிறைய கிடைக்கும்.

அடுத்ததுதான் முக்கியம், அவசரப்படாதீங்க. சத்தம் எப்படி மாறுச்சுன்னு பார்க்கணும், அதுவும் ஒரு வார்த்தைல மாறினா பத்தாது, நாலு வார்த்தைல அதே மாதிரி மாறியிருக்கணும். சமஸ்கிருத ததி ஹிந்தில தஹி ஆச்சு, அதாவது தயிர். வதூ பஹூ ஆச்சு, மருமக. மதூக மஹுவா ஆச்சு, நம்ம இலுப்பைக்குச் சொந்தக்கார மரம். நடுவுல வர்ற அழுத்தமான 'த' தேய்ஞ்சு 'ஹ' ஆயிடுது, அப்போ கோதூமவும் அதே வழிலதான் போயிருக்கு. கடைசி 'ம' எங்கன்னு கேப்பீங்க. கிராம ஹிந்தில 'காங்வ்' ஆனப்போ 'ம' கரைஞ்சு மூக்குச் சத்தம் மட்டும் நின்னுச்சுல்ல, இங்கயும் அதேதான், ஹிந்தில கேஹூன் எழுதறப்போ தலைக்கு மேல ஒரு பிறையும் புள்ளியும் வைப்பாங்களே, அதுதான் அந்தப் பழைய 'ம'. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. நாம சமஸ்கிருத வடிவத்தை அப்படியே எடுத்துக்கிட்டதால நம்மகிட்ட 'த'வும் 'ம'வும் தேயாம இருக்கு.

அர்த்தத்துக்கு வரும்போது மட்டும் உஷார். கோ-ன்னா மாடு, தூம-ன்னா புகை, அதனால 'மாட்டுப்புகை'ன்னு பிரிச்சு ஒரு கதை சொல்வாங்க, நம்பிடாதீங்க. மேற்குப் பக்கம் போய்ப் பாருங்க, ஈரானோட பழைய வேதமொழியான அவெஸ்தால கந்தும, பாரசீகத்துல கந்தும், அங்க மாடும் இல்ல புகையும் இல்ல. வெளிலேருந்து வந்த பேரைத் தெரிஞ்ச வார்த்தை மாதிரி வளைச்சிருக்காங்கன்னுதான் நான் நினைக்கறேன், ஏன்னா ரிக்வேதத்துல யவ (பார்லி) இருக்கு, கோதூம இல்ல, அது யஜுர்வேதத்துலதான் தலைகாட்டுது.

அந்த யவவையே அடுத்து எடுத்துப் போட்டுப் பாருங்க. யமுனா ஜம்னா ஆன அதே வழில போனா ஹிந்தில பார்லிக்குச் சொல்ற 'ஜௌ' வந்து நிக்கும்.