மறுபடிகமாக்கலில் படிகங்கள் காணாமல் போவது எப்படி?

கரிம வேதியியல் செய்முறையில் முதலில் கற்கும் வேலைகளில் ஒன்று மறுபடிகமாக்கல். கொதிநீரில் கரைத்து, ஆறவிட்டு, வடிகட்டினால் தூய படிகம் வரவேண்டும். ஆனால் பயிற்சிக்குத் தரப்படும் வெண்ணிறக் கரிமச் சேர்மமான அசிட்டனிலைடை 2 கிராம் எடுத்துக்கொண்டு தொடங்குபவர் பலருக்கு முடிவில் ஒரு கிராம்கூடத் தேறுவதில்லை. பெரும்பாலும் காரணம் தண்ணீரின் அளவுதான்.

கொதிக்கும் நீரில் 100 மில்லிக்கு 5 கிராமுக்குச் சற்று அதிகமாகவே அசிட்டனிலைடு கரையும். அறை வெப்பநிலையில் அதே 100 மில்லியில் கரைவது சுமார் அரை கிராம். ஆகவே 2 கிராமுக்குக் கொதிநீர் 40 மில்லி போதும். ஆறிய பிறகு கரைசலிலேயே தங்குவது 0.2 கிராம். பயந்துபோய் 150 மில்லி ஊற்றினால் 0.75 கிராம் போய்விடும். முதலில் 30 மில்லி ஊற்றிக் கொதிக்கவைத்து, பிறகு சிறிது சிறிதாகச் சேர்ப்பதே சரியான வழி.

இங்கே ஒரு குழப்பம் வரும். நீர் போதாதபோது, ஏறத்தாழ 83 டிகிரிக்கு மேல், கரையாத அசிட்டனிலைடு நீருக்குள்ளேயே உருகி எண்ணெய்த் துளிகளாக அடியில் நிற்கும். அதை அழுக்கு என்று நினைத்து வடிகட்டி எறிந்தால் எறிவது உங்கள் பொருளைத்தான். அப்படியே ஆறவிட்டாலும் கேடுதான்: அந்த எண்ணெயில் மாசுகள் நன்றாகக் கரையும், அது கட்டியாக உறையும்போது அவையும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கொதிநிலையிலேயே மூன்று நான்கு மில்லியாகக் கொதிநீர் சேர்த்துக் கலக்குங்கள். ஒவ்வொரு முறையும் துளி சிறுத்தால் அது அசிட்டனிலைடு. எவ்வளவு சேர்த்தும் குறையாமல் கிடக்கும் தூசியோ மணலோ கரையாத மாசு. அதைக் கரைக்க முயன்று மேலும் நீர் ஊற்றக் கூடாது.

கரைசலில் நிறம் இருந்தால் மட்டும் கிளர்வுற்ற கரி, அதாவது நிற மாசுகளைப் பிடித்துக்கொள்ளும் கரித்தூள், சேர்க்க வேண்டும். பொருளின் எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது 2 கிராமுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் போதும். கூடினால் கரி அசிட்டனிலைடையும் பிடித்துக்கொள்ளும். கொதித்துக்கொண்டிருக்கும் கரைசலில் கரியைத் தூவவே கூடாது, சட்டென்று பொங்கி வழிந்து கையைச் சுட்டுவிடும். அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பின் போடுங்கள்.

சூடாக வடிகட்டும்போது புனலின் காம்பிலேயே படிகம் கட்டி அடைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். புனல் குளிர்ந்திருந்ததே காரணம். காம்பு குட்டையான புனலைக் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி, மடிப்பு வடிதாளை வைத்து, கரைசலில் 10 முதல் 20 சதவீதம் கூடுதல் நீர் சேர்த்துக்கொண்டு வடிகட்டுங்கள். அந்தக் கூடுதலைப் பிறகு கொதிக்கவைத்துக் குறைக்கலாம்.

அடுத்தது அவசரம். சூடான குடுவையை நேரே பனிக்கட்டியில் வைத்தால் பொடியாக விழும் படிகங்கள் மாசு கலந்த தாய்க் கரைசலையும் (படிகம் பிரிந்தபின் எஞ்சும் நீர்மத்தையும்) பிடித்துக்கொள்ளும். அறை வெப்பநிலைக்குத் தானாக இறங்கட்டும். பனிக்கட்டி அதற்குப் பிறகு. ஆறியும் படிகம் வரவில்லையா? கண்ணாடிக் கம்பியால் உட்சுவரை நீர்மட்டத்தில் உரசுங்கள், அல்லது தூய படிகத் துகள் ஒன்றைப் போடுங்கள்.

படிகத்தை வடிகட்டுவது புக்னர் புனலில்: தட்டையான துளைத் தட்டுள்ள இந்தப் புனலின் கீழுள்ள வடிகுடுவையிலிருந்து, ஓடும் குழாய்நீரால் இயங்கும் உறிஞ்சி ரப்பர் குழாய் வழியே காற்றை இழுக்கும். வடிதாள் எல்லாத் துளைகளையும் மூட வேண்டும், ஆனால் சுவரில் ஏறக் கூடாது. ஏறினால் ஓரத்து இடைவெளி வழியே படிகம் இறங்கிவிடும். கழுவப் பனிக்குளிர் நீர் 2, 3 மில்லி போதும். உறிஞ்சலை நிறுத்திவிட்டு ஊற்றி, படிகம் நனைந்ததும் மீண்டும் உறிஞ்சுங்கள். முடிக்கும்போது முதலில் ரப்பர் குழாயைக் கழற்றி, பிறகு குழாய்நீரை மூடுங்கள். மாற்றிச் செய்தால் குழாய்நீர் வடிகுடுவைக்குள் பாய்ந்துவிடும். விளைச்சலை எடை பார்க்கும்வரை தாய்க் கரைசலைக் கொட்டாதீர்கள். குறைந்த படிகம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும், கொதிக்கவைத்துச் சுருக்கினால் ஒரு பங்காவது மீளும்.

ஈரப் படிகத்தை 100 டிகிரி அடுப்பில் வைத்தால் உருகிக் கட்டியாகும். வடிதாள்களுக்கிடையே அழுத்தி, காற்றில் ஒரு நாள் உலரவிடுங்கள். தூய அசிட்டனிலைடு சுமார் 114 டிகிரியில் உருகும். ஈரம் இருந்தால் உருகுநிலை இறங்கி, உருகத் தொடங்குவதற்கும் முடிவதற்கும் இடையிலான வீச்சும் அகலும். உருகுநிலை பார்க்கும் மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் படிகத்தை 2, 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் அடைக்க வேண்டாம். 95 டிகிரிவரை வேகமாகச் சூடாக்கலாம், அதன்பின் நிமிடத்துக்கு ஒன்று இரண்டு டிகிரிதான். முதல் துளி ஈரம் தெரிவதையும் கடைசித் துகள் மறைவதையும் இரு எண்களாகக் குறியுங்கள்.