படகு கன்வெர்ட்டரில் டையோடுக்குப் பதில் மாஸ்ஃபெட்

பாம்பன் படகுக்காரர்கள் 24 வோல்ட்டை 12 ஆக்கும் பக் கன்வெர்ட்டர் கொதிக்கிறதென்று கொண்டுவந்தால், முதலில் கீழ்ப்பக்க ஷாட்கி டையோடைத்தான் (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் பாகம்) பார்ப்பேன். அரை வோல்ட் அதில் விழும்; 10 ஆம்பியர் ஓடும்போது 5 வாட் வெறும் சூடு. அங்கே ஆன் நிலையில் 10 மில்லிஓம் தடை உள்ள மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) போட்டால் 1 வாட்தான்.

சரி, பேட்டரி பக்கம் இருக்கும் மேல் மாஸ்ஃபெட்டும் இந்தக் கீழ் மாஸ்ஃபெட்டும் சேர்ந்து ஆன் ஆனால் பேட்டரியே ஷார்ட். ஒன்று அணைந்து மற்றது ஆன் ஆகும் முன் சிறு இடைவெளி (டெட் டைம்) விடும் டிரைவர் ஐசி கட்டாயம். இரண்டு மாஸ்ஃபெட்டும் சேரும் ஸ்விட்ச் முனையில் ஆசிலோஸ்கோப்பை வையுங்கள். மேல் மாஸ்ஃபெட் அணைந்ததும் அலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 0.7 வோல்ட் இறங்கும். கீழ் மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் பாடி டையோடு கடத்தும் நேரம் அது. அந்தப் பள்ளம் ரொம்ப அகலமானால் சூடு திரும்பி வரும்.

லோடு ரொம்பக் குறைந்தால் கீழ் மாஸ்ஃபெட் வழியே மின்னோட்டம் பின்னோக்கி ஓடும். மின்னோட்டம் பூஜ்யமானதுமே கீழ் மாஸ்ஃபெட்டை அணைக்கும் கன்ட்ரோலராக வாங்குங்கள். அப்புறம், உப்புக்காற்று: கழுவிக் காயவைத்த போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் தடுக்கும் மெல்லிய பூச்சு) அடிக்காமல் கொடுக்காதீர்கள்.